எல்லாம் நலம் என்றொரு தந்தி



சம்பா நடவு நடந்துகொண்டிருந்த வேளையில் ஒரு நாள் மாலை, கூத்தாநல்லூரில் நோயுற்றிருந்த நம் பங்குக் குடும்பம் ஒன்றைச் சந்தித்து, நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பினோம். தெருவில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த மனையில் வாழும் முதியவர் ஒருவர், நமக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமானவர், திண்ணையிலிருந்து கைகாட்டி அழைத்தார். "சாமி, மழை விட்டதும் போகலாம். உள்ளே வந்து உட்காருங்கள்" என்றார். "சரி, பாய்" என்று அமர்ந்தோம்.

கூத்தாநல்லூரைச் சுற்றிலும் நெல் விளைகிறது. ஆயினும் அவ்வூரின் பெரிய வீடுகள் பலவற்றைக் கட்டியது நெல் அன்று. கடல் கடந்த வாணிகமே. சிங்கப்பூர், மலேயா, சைகோன் என்று மூன்று நான்கு தலைமுறைகளாகச் சென்று உழைத்தவர்களின் ஊர் அது. பெரியவர் வீட்டுக் கூடத்தின் மூலையில் இரும்புப் பட்டை அடித்த பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. "எங்கள் அத்தா ரஜூலா கப்பலில் கொண்டுபோன பெட்டி, சாமி. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்குவார்" என்றார். பிறகு சற்று யோசித்து ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எங்கள் பாட்டனார் ஒன்று சொல்லுவார். முதல் ஜெர்மன் சண்டையிலே இதே கம்பெனிக் கப்பல்களில்தான் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றி வந்தார்களாம். சென்னைப் பட்டணத்து ஜனங்கள் காசு போட்டு ஒரு கப்பலையே விட்டார்களாம். இது நிஜமா, கதையா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்."

அப்பொழுது நம்மிடம் விடை இல்லை. தேடிச் சொல்வதாக வாக்களித்து வந்தோம். தேடியபோது கிடைத்தது பெரியவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வரலாறு. நம் மனச்சான்றையும் தொட்ட வரலாறு. ஆகவே இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

முதலில் பெரியவருக்கு உரிய விடை. அவர் பாட்டனார் சொன்னது உண்மையே. ரஜூலா, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. அதே கம்பெனி 1914-ஆம் ஆண்டு 'டாண்டா' என்னும் கப்பல் ஒன்றைக் கட்டி முடித்திருந்தது. அவ்வாண்டு யுத்தம் மூண்டது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு 'எம்டன்' என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதை நம் பாட்டிமார் கதைகளில் கேட்டிருக்கிறோம். அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பென்ட்லண்டு பிரபு. மாகாணத்தில் திரட்டப்பெற்ற 'சென்னைப் போர் நிதி'யைக் கொண்டு டாண்டா கப்பலை மருத்துவக் கப்பலாக மாற்றி, அதற்கு 'மெட்ராஸ்' என்றே பெயரிட்டார்கள். போர்முனைகளில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களைக் கடல்வழியே கொண்டுவந்து சேர்ப்பதே அதன் பணி. பீரங்கி வாங்கவும் பணம் கேட்கப்பட்ட காலத்தில், கட்டிலும் கட்டுத்துணியும் மருந்தும் வாங்க நம் மாகாணத்தார் கொடுத்த பணம் இது.

மருத்துவக் கப்பல் என்பது யாது? போரில் எல்லாக் கப்பல்களும் தம்மை மறைத்துக்கொள்ள முயலும். மருத்துவக் கப்பல் ஒன்றுதான் தன்னைக் காட்டிக்கொள்ள முயலும். 1907-ஆம் ஆண்டு ஹேக் நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அக்கப்பலுக்கு வெள்ளை வண்ணம் பூச வேண்டும். அரசின் கப்பலாயின் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலத்தில் பச்சைப் பட்டை. தனியாரோ சங்கமோ அளித்த கப்பலாயின் சிவப்புப் பட்டை. மேலே செஞ்சிலுவைக் கொடி. அதன் பெயரை எதிரிக்கும் முன்னதாக அறிவித்துவிட வேண்டும். அதனைப் போர்க் காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது. எதிரி விரும்பினால் ஏறிச் சோதித்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காயமுற்றவன் எந்நாட்டவன் என்று பாராமல் உதவ வேண்டும். ஆயுதத்தைக் கைவிட்டு விழுந்தவன் அந்நொடி முதல் பகைவன் அல்லன், ஒரு தாயின் மகன் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. 1949-ஆம் ஆண்டின் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை இவ்விதிகளை மேலும் விரிவாக்கியது. நம் நாடும் 1950-இல் அதனை ஏற்றுக்கொண்டது.

இதுவரை கேட்டால் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் நிற்பது கடலில். சிப்பாய் விழுவது கரையில். இவ்விரண்டுக்கும் இடையே இருக்கும் தொலைவை யார் கடத்துவது? அங்கேதான் வரலாறு கறைபடுகிறது.

1914 நவம்பரில் இந்தியப் படை ஒன்று மெசபொத்தாமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறங்கிப் பஸ்ரா நகரைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு அப்படை டைகிரிஸ் ஆற்றின் வழியே பாக்தாதை நோக்கி முன்னேறியது. தொடக்க நூலில் ஏதேன் தோட்டத்து ஆறுகளுள் ஒன்றாக நாம் வாசிக்கும் அதே டைகிரிஸ்தான். அப்படையில் பஞ்சாபியரும் மராட்டியரும் கூர்க்கரும் இருந்தனர். பாலமும் பாதையும் அமைக்கும் சென்னைச் சாப்பர் படையினரும் மெசபொத்தாமியாவில் பணி புரிந்தனர். 1915 நவம்பர் 22-ஆம் நாள், பாக்தாதுக்குத் தென்கிழக்கே டெசிஃபோன் என்னும் பழைய நகரின் அருகே கடும் போர் நடந்தது. தளபதி டவுன்ஷெண்டின் கீழ்ப் போரிட்ட படையில் 4,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காயமுற்றனர்.

காயமுற்றோரை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்ல வண்டிகள் வேண்டும். கிடைத்தவை கோவேறு கழுதைகள் இழுக்கும் சாமான் வண்டிகளே. நம் ஊர் வில் வண்டியில் ஏறியவர்களுக்கும் கட்டை வண்டியில் ஏறியவர்களுக்கும் வேறுபாடு தெரியும். அவ்வண்டிகளுக்கு வில் இல்லை. காலெலும்பு முறிந்தவனை அதில் கிடத்தி, மேடு பள்ளமான பாலை நிலத்தில் பல மைல் ஓட்டிச் சென்றார்கள். வண்டியில் ஏறுவதைவிடத் தவழ்ந்தே போகிறோம் என்று இறங்கியவர்களும் இருந்தனர்.

ஆற்றங்கரையிலாவது மருத்துவப் படகு காத்திருந்ததா? இல்லை. அந்த ஆற்றுக்கென்று போதிய மருத்துவப் படகுகளை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்பதே அந்நாளைய அரசினரின் முதற்கவலையாக இருந்தது. போகும்போது உணவும் தளவாடமும் கால்நடையும் ஏற்றிச் சென்ற படகுகளிலேயே, வரும்போது மனிதர்களை நெருக்கமாகக் கிடத்தினார்கள். மேலே கூரையில்லை. மெசபொத்தாமியாவில் மார்கழி மாதம் நம் ஊர் மார்கழி போன்றதன்று. இரவில் எலும்பைத் துளைக்கும் குளிரும் மழையும் உண்டு. காயத்தோடு வயிற்றுக்கடுப்பும் பலரைப் பற்றியது. எழுந்திருக்க முடியாதவரைத் தூக்கிவிட ஆள் இல்லை. இந்நிலையில் பஸ்ரா வந்து சேர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று.

பஸ்ராவில் 'வரேலா' என்னும் மருத்துவக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதுவும் நம் பெரியவரின் ரஜூலா கம்பெனிக் கப்பலே. அதன் பொறுப்பில் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மேஜர் கார்ட்டர் என்னும் மருத்துவர் இருந்தார். ஒரு நாள் மாலை 'மெஜிதியா' என்னும் ஆற்றுக் கப்பல், இருமருங்கிலும் இரும்புத் தோணிகளை இழுத்துக்கொண்டு வருவதைக் கண்டார். தூரத்திலிருந்து பார்த்தபோது கப்பலின் பக்கங்களில் கயிறுகள் தொங்குவது போலத் தோன்றிற்றாம். அருகே வந்தபோதுதான் அவை கயிறுகள் அல்ல என்று தெரிந்தது. நகர முடியாமல் கிடந்த நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கழிவு கப்பலின் பக்கங்களில் வழிந்து உறைந்திருந்தது. நாற்றம் காற்றில் முந்தி வந்தது. அவர் ஏறிப் பார்த்தார். கட்டு அவிழ்க்கப்படாமலே புழுத்த காயங்கள். விஸ்கிப் பெட்டியின் பலகைத் துண்டுகளை வைத்துக் கட்டிய எலும்பு முறிவுகள். தரையோடு ஒட்டிக் கிடந்த மனிதர்கள். குடும்பப் பத்திரிகையில் இதனை எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆனால் அங்கே கிடந்தவர்களும் குடும்பத்தவர்களே. இதனைச் சொல்லாமல் விட்டால் நாமும் அந்தத் தந்தியை எழுதியவர்களோடு சேர்ந்துவிடுவோம்.

எந்தத் தந்தி என்கிறீர்களா? அதே நாள்களில் படைத் தலைமையிடத்திலிருந்து இலண்டனுக்கு ஒரு தந்தி போயிற்று. காயமுற்றோர் நல்ல முறையில் அனுப்பப்பட்டனர், பலர் தேறிவிடுவர், கடினமான சூழ்நிலையிலும் மருத்துவ ஏற்பாடுகள் மிகச் சிறப்பாக நடைபெற்றன என்பதே அதன் சாரம்.

இதனை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தத் தந்தியை எழுதியவர்கள் அரக்கர்கள் அல்லர். சிப்பாய்கள் சாக வேண்டும் என்று அவர்கள் விரும்பியதில்லை. மேலிடத்தார் கவலைப்பட வேண்டாம், தம் பெயரும் கெட வேண்டாம், நாளை எப்படியும் சரிசெய்துவிடலாம் என்று எண்ணியிருப்பார்கள். அவ்வளவே. ஆனால் 'எல்லாம் நலம்' என்று தந்தி போனால் படகும் போர்வையும் மருத்துவரும் வரமாட்டார்கள். குறையே இல்லாத இடத்துக்கு உதவி எதற்கு? ஆகவே அந்தப் பொய் ஒரு காகிதத்தோடு நிற்கவில்லை. அடுத்து விழுந்த சிப்பாயின் போர்வையையும் அது பறித்துக்கொண்டது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரான்சில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, பிரைட்டன் நகரில் அரசகுடும்பத்தார் முன்பு வாழ்ந்த மாளிகையிலேயே மருத்துவமனை அமைத்து 1914 டிசம்பர் முதல் பராமரித்தார்கள். அவரவர் சமய வழக்கத்துக்கு ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள் அங்கிருந்தன. சரவிளக்குகளின் கீழே தலைப்பாகையோடு சிப்பாய்கள் படுத்திருக்கும் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சாயின. அங்கே காட்டிய அன்பு உண்மையானதே. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் உலகம் பார்க்கும் இடத்தில் மாளிகை. பார்க்காத இடத்தில் கூரையற்ற தோணி. ஒரே படையின் சிப்பாய்கள்தாம் இரண்டு இடங்களிலும் இருந்தார்கள்.

மேஜர் கார்ட்டர் தாம் கண்டதை மேலதிகாரிகளிடம் எழுத்தில் தெரிவித்தார். அதற்குக் கிடைத்தது நன்றியன்று. தலையிடத் தகாதவற்றில் தலையிடுகிறவர் என்று கடிந்தார்கள். கப்பற் பொறுப்பைப் பறித்துவிடுவதாகவும் கைது செய்வதாகவும் மிரட்டினார்கள். அவர் வாய் மூடவில்லை. செய்தி மெல்ல மெல்லக் கசிந்து இலண்டனை எட்டியது. 1916-ஆம் ஆண்டு பாராளுமன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. கார்ட்டர் அக்குழுவின்முன் தாம் கண்டதைக் கண்டபடியே சாட்சி சொன்னார். 1917 ஜூன் மாதம் அறிக்கை வெளியாயிற்று. தந்தி சொன்னது வேறு, நடந்தது வேறு என்பது அப்பொழுதுதான் உலகுக்குத் தெரிந்தது. இந்திய மந்திரியாக இருந்த ஆஸ்டின் சேம்பர்லின் பதவி துறந்தார். அவர் இடத்துக்கு மாண்டேகு வந்தார். இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி அளிப்பதாக 1917 ஆகஸ்டு 20-ஆம் நாள் அறிவித்த அதே மாண்டேகுதான்.

சிப்பாய்களுக்கு என்ன ஆயிற்று? ஆற்றுக்கு மருத்துவப் படகுகள் வந்தன. மருத்துவர்களும் செவிலியரும் வந்தனர். பஸ்ராவில் பெரிய மருத்துவமனைகள் எழுந்தன. போரின் பிற்பகுதியில் காயமுற்றவன் முன்னவர்களைப்போல் தோணியில் அழுகிக் கிடக்கவில்லை. கப்பல்கள் முன்பும் இருந்தன, நிதியும் இருந்தது, இரக்கமும் இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றே. மேலிடத்தாரின் காதுக்கு இனிக்காத உண்மையைச் சொல்லும் ஒருவர். அவர் வந்த பிறகே மற்றவையும் வந்தன.

'மெட்ராஸ்' கப்பல் யுத்தம் முடிந்தபின் மீண்டும் டாண்டா என்னும் பழைய பெயரோடு பயணிகளை ஏற்றிச் சென்றது. இரண்டாம் உலகப்போரில், 1944 ஜூலை மாதம், அரபிக்கடலில் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கு இலக்காகி மூழ்கிப்போயிற்று. அப்பொழுது அதன்மேல் வெள்ளை வண்ணமோ சிலுவையோ இல்லை.

இவையெல்லாம் நூறாண்டுக்கு முந்திய கதை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. கோடியக்கரைக்குத் தெற்கே, இதே வங்கக் கடலின் கரையில், 2009-ஆம் ஆண்டு நம் மொழி பேசும் மக்கள் போரின் நடுவே சிக்கிக் கிடந்தார்கள். வன்னியில் புதுமாத்தளன் கடற்கரையில் காயமுற்றோரைச் சாலை வழியே வெளியே கொண்டுவர இயலாமற்போன நிலையில், பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு கடல்வழியைத் திறந்தது. 'கிரீன் ஓஷன்' என்னும் கப்பல் கரையை நெருங்க முடியாமல் ஆழத்தில் நிற்கும். மீனவர்களின் சிறு படகுகள் காயமுற்றோரைச் சுமந்துபோய் அதில் ஏற்றும். முதலில் திருகோணமலைக்கும், பின்னர் இந்திய மருத்துவக் குழுவினர் மருத்துவமனை அமைத்திருந்த புல்மோட்டைக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பிப்ரவரி 10 முதல் மே 9 வரை, நோயாளரும் உடன் சென்ற உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேர் இவ்வாறு கரை சேர்ந்தனர். பெரும்பாலோர் சிப்பாய்கள் அல்லர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. மே 9-க்குப் பிறகு கப்பல் கரையை அணுக இயலவில்லை. அதன்பின் காயமுற்றவர்களுக்குக் கடலும் மூடிக்கொண்டது.

அங்கேயும் கார்ட்டரைப் போன்றவர்கள் இருந்தார்கள். போர்ப் பகுதியில் இறுதிவரை தங்கிச் சிகிச்சையளித்த அரசு மருத்துவர்கள் சிலர், இத்தனை பேர் இறந்தனர், இத்தனை பேர் காயமுற்றனர், இன்ன மருந்து இல்லை என்று தொலைபேசி வழியாக உலகுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். காவலில் இருந்தவாறே 2009 ஜூலையில் பத்திரிகையாளர்முன் நிறுத்தப்பட்டபோது, தாங்கள் முன்பு சொன்ன எண்கள் மிகையானவை என்று கூறினார்கள். காவலில் இருப்பவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு எவ்வளவு எடை தருவது என்பதை வாசகர்களே அறிவீர்கள். உண்மையைச் சொல்பவர் கொடுக்கும் விலை நூறாண்டில் குறைந்துவிடவில்லை.

மீண்டும் பஸ்ராவுக்கு வருவோம். அங்கே மெசபொத்தாமியாப் போரில் இறந்து, கல்லறை அறியப்படாதவர்களுக்கென்று 1929-ஆம் ஆண்டு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் சின்னம் அது. ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்கு, இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்னும் எண் மட்டுமே. இது சமமற்ற நடத்தை என்பதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் சிற்றூர்கள் சிலவற்றிலும், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரிய யுத்தத்துக்குப் போயினர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று எண்ணை மட்டும் சொல்லும் கல்வெட்டுகள் உண்டு. அவர்களின் பெயர்களை அறிந்த தாய்மார் என்றோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதை எழுதும்போது நம் உள்ளத்தில் ஒரு முள் குத்துகிறது. அதனையும் சொல்லிவிடுவதே முறை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்தபோது, நாம் கடலோரத்துக்குச் சற்று அருகே வேறொரு பங்கில் இருந்தோம். தென்னைகள் சாய்ந்தன, ஓட்டு வீடும் கூரை வீடும் ஒன்றுபோலப் பிரிந்தன. பல இடங்களிலிருந்து நல்லோர் அரிசியும் தார்ப்பாயும் போர்வையும் அனுப்பினார்கள். நாமும் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு ஊண் உறக்கமின்றிப் பங்கிட்டோம். ஐந்தாம் நாள், உதவி அனுப்பியவர்கள் அறிக்கை கேட்டார்கள். அனைத்துக் குடும்பங்களுக்கும் உதவி சென்றடைந்தது என்று எழுதிக் கையொப்பமிட அமர்ந்தோம். அப்பொழுது நம் உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமி, வாய்க்காலுக்கு அக்கரையில் பதினோரு வீடு இருக்கிறது. பாதையில் மரமும் மின்கம்பமும் கிடக்கிறபடியால் நம் ஆட்கள் இன்னும் போகவில்லையே." நமக்கு அலுப்பு, கொஞ்சம் கோபமும் வந்தது. "நாளை போய்விடப் போகிறோம். அதற்காக அறிக்கையில் குறை எழுத வேண்டுமா? சும்மா இரும்" என்றோம். அவர் தலைகுனிந்து போய்விட்டார். அறிக்கையை அனுப்பினோம்.

நாளை என்பது நான்கு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் அக்கரைக்குப் போனபோது, சரிந்த கூரையின் ஓரத்தில் ஒரு மூதாட்டி காலெலும்பு முறிந்து படுத்திருந்தார். அண்டை வீட்டார் விறகுக் குச்சி இரண்டை வைத்துப் பழந்துணியால் கட்டியிருந்தார்கள். தலைமேல் பனியைத் தடுக்க ஒரு கிழிந்த சாக்கு. கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, இடுப்பளவு நீரில் வாய்க்காலைக் கடத்தி, வண்டியேற்றி மருத்துவமனைக்கு அனுப்பினோம். கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் நம் உபதேசியார். அவர் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மூதாட்டி பிழைத்துக்கொண்டார்; ஆனால் அதன்பின் ஊன்றுகோலின்றி நடக்கவில்லை. நம்மைக் காணும்போதெல்லாம், "சாமி வந்துதான் என்னைத் தூக்கிவிட்டார்" என்று பிறரிடம் நன்றியோடு சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அந்நன்றி நம்மைச் சுட்டது. ஒன்பது நாள் அவர் அங்கே கிடந்ததற்கு நம் கையொப்பமும் ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியாது.

அன்றிரவே இரண்டாவது கடிதம் ஒன்று எழுதினோம். முதல் அறிக்கை உண்மைக்கு மாறானது என்றும், பதினோரு குடும்பங்கள் விடுபட்டன என்றும், தவறு நம்முடையது என்றும் எழுதினோம். பழி வரும் என்று அஞ்சினோம். வந்தது பழியன்று; இன்னும் தார்ப்பாய்களும் போர்வைகளும் வந்தன. மறுநாள் உபதேசியாரிடம் மன்னிப்புக் கேட்டோம். இரண்டையும் நான்கு நாள் முன்பே செய்திருக்கலாம்.

நல்ல சமாரியனின் உவமையை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அவன் காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், பணம் கொடுத்தான் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அவன் சொன்ன கடைசிச் சொல்லை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அதாவது, திரும்பி வந்து பார்ப்பேன் என்றான். ஒப்படைத்துவிட்டோம், எல்லாம் நலம் என்று அவன் தன் வழியே போய்விடவில்லை.

குடும்பத்தினரே, இந்த வரலாற்றிலிருந்து நாம் இரண்டு காரியங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

ஒன்று, 'எல்லாம் நலம்' என்று எழுதுமுன் விடுபட்டவர் யார் என்று கேட்பது. வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கு, தாயின் நோயை மறைத்து, "அம்மா சௌக்கியம், கவலைப்படாதே" என்று சொல்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் மகன் வந்து பார்த்திருக்க வேண்டிய காலம் கடந்துவிடுகிறது. பங்கிலும் சங்கத்திலும் பள்ளியிலும் ஆண்டறிக்கை வாசிக்கிறோம், கைதட்டுகிறோம். அவ்வறிக்கையில் இடம்பெறாத அக்கரை வீடுகள் எத்தனை?

மற்றொன்று, தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்ல வரும் சிறியவரை, "சும்மா இரு" என்று அடக்காதிருப்பது. வீட்டில் அது பிள்ளையாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், வேலைக்காரப் பெண்ணாக இருக்கலாம். கார்ட்டருக்குப் பதவி இருந்தது. அவர் மிரட்டலைத் தாங்கினார். நம் உபதேசியார் போன்றவர்களுக்கு நம் செவியைத் தவிர வேறு மேடை இல்லை.

மழை விட்ட ஒரு நாள் கூத்தாநல்லூருக்கு மீண்டும் சென்று, தேடியறிந்ததை எல்லாம் பெரியவரிடம் சொன்னோம். பாட்டனார் சொன்னது உண்மை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஆற்றையும் தோணிகளையும் பற்றிச் சொன்னபோது மௌனமானார். வெகுநேரம் அந்த டிரங்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"கப்பல் விடக் காசு கொடுத்தார்களே சாமி, நல்ல ஜனங்கள். ஆனால் அந்தக் கப்பல்வரைக்கும் சிப்பாய் எப்படி வந்து சேர்ந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லையே."

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இனிமேல் கேட்போம் என்று மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு புறப்பட்டோம். நீங்களும் கேளுங்கள், நம்மையும் கேளுங்கள்.